முதலோலை சிதைந்த மடிக்கணினிகள்

தண்டையார்பேட்டையில் தொடங்கித் திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரைக்கும், கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலைகளை ஒட்டி, கைப்பேசியும் மடிக்கணினியும் பழுதுபார்க்கும் சிறு கடைகள் பல உள்ளன. அக்கடைகளில் நாள்தோறும் உச்சரிக்கப்படும் ஒரு சொற்றொடர் உண்டு: "ஃபார்மட் போட்டுடலாம்." மருத்துவர் 'காலை எடுத்துவிடலாம்' என்று சொன்னால் நாம் இன்னொரு மருத்துவரைத் தேடி ஓடுவோம். கணினிக் கடைக்காரர் இதைச் சொல்லும்போது மட்டும் தலையாட்டிவிட்டு, எவ்வளவு ஆகும் என்று கேட்கிறோம். இந்தத் தலையாட்டலால் தமிழ்த்துறை மாணவர்களின் ஆய்வேடுகளும், களப்பணி ஒலிப்பதிவுகளும், தட்டச்சு செய்து வைத்த நாட்டார் பாடல்களும் எவ்வளவோ அழிந்துள்ளன. அவற்றுள் பெரும்பகுதி அழிந்திருக்க வேண்டியதே இல்லை என்பதுதான் நாம் இங்குச் சொல்ல வருவது.

இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஏட்டைக் கரையான் அரித்த கதையை நூறாண்டுகளாகச் சொல்லிச் சொல்லி வருந்துகிறோம். நம் கண்ணெதிரே, நம் மாணவரின் மடியில் நிகழும் ஏட்டழிவைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசலாம்.

செய்தி இதுதான். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. முதலாண்டு இலக்கே ஒன்பது லட்சத்துக்கு மேல். அவ்வாறு வந்த மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றது பாஸ் லினக்ஸ். 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கமே 'பாஸ்'. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவாக்கி, 2007இல் வெளியிட்டது. கணினியை முடுக்கியதும் கரிய திரையில் ஒரு சிறு பட்டியல் தோன்றும். மேலும் கீழும் அம்புக்குறியை நகர்த்தி எதனுள் நுழைய வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். அந்தப் பட்டியலுக்குப் பெயர் பூட் மெனு.

(இச்சொல்லை நம் மாணவர்கள் 'பூட்டு மெனு' என்றே சொல்கிறார்கள். பிழையென்று திருத்த நமக்கு மனம் வரவில்லை. தமிழில் பூட்டு என்பது அடைப்பதற்கும் உரியது, தொடங்குவதற்கும் உரியது. கதவைப் பூட்டுகிறோம், சித்திரையில் பொன்னேர் பூட்டுகிறோம். ஒரே நுகத்தில் இரண்டு மாட்டைப் பூட்டுவது போல ஒரே தட்டில் இரண்டு இயங்குதளத்தைப் பூட்டியிருக்கும் பொறிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைக் கலைச்சொல் அகராதிக்காரர்கள் ஆக்கித் தரப்போவதில்லை.)

இந்தப் பட்டியல் ஒருநாள் காணாமற்போகும். விண்டோஸில் வைரஸ் புகுந்தது என்று யாரோ அதை மறுபடி நிறுவியிருப்பார். அல்லது புதுப்பித்தல் நடந்துகொண்டிருக்கையில் மின்சாரம் நின்றிருக்கும். பக்கத்திலேயே அனல்மின் நிலையங்களை வைத்துக்கொண்டு அவற்றின் சாம்பலையும் சுமக்கிற எண்ணூர்ப் பகுதியில் மின்தடை பற்றிப் பேசுவது சற்றே கசப்பான நகைச்சுவை. பேட்டரி செத்துப்போய் நேரடி மின்சாரத்தில் ஓடும் பழைய மடிக்கணினிக்கு ஒரு நொடித் தடையே போதும். அடுத்த முறை முடுக்கினால், பட்டியல் இராது. நேரே விண்டோஸ் வந்துவிடும். இல்லையேல் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற இரண்டு சொல் மட்டும் கரிய திரையில் நின்றுகொண்டு கண்சிமிட்டும். மாணவர் திகைப்பார். லினக்ஸில் வைத்திருந்தவையெல்லாம் போய்விட்டன என்று முடிவுகட்டுவார். கடைக்கு ஓடுவார். அங்கே அந்தச் சொற்றொடர் காத்திருக்கிறது.

உண்மையில் போனது எது?

சுவடிப் பதிப்போடு பழகியவர்க்கு இதை விளக்குவது எளிது. முதலும் ஈறும் சிதைந்த ஏடு என்று நாம் சொல்வதில்லையா? கட்டின் முதல் ஓலை முறிந்து போயிருக்கும். நூற்பெயர் அதில்தான் இருந்திருக்கும். பட்டியல் தயாரித்தவர் 'பெயர் தெரியாத நூல்' என்று எழுதி வைப்பார். ஆனால் உள்ளே இருநூறு ஓலை எழுத்துக் கெடாமல் இருக்கும். பழைய முறைக் கணினியில் வன்தட்டின் முதல் 512 பைட்டுகள்தாம் அந்த முதலோலை. அதில் 446 பைட்டுகள் தொடக்கக் கட்டளைக்கு, 64 பைட்டுகள் தட்டு எத்தனைப் பிரிவாக வகுக்கப்பட்டுள்ளது என்னும் கணக்குக்கு, எஞ்சிய இரண்டு பைட்டுகள் முத்திரைக்கு. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டுகள் என்று கொண்டால், 446 பைட்டுகளில் ஒரு வெண்பா கொள்ளும்; இரண்டு கொள்ளாது. அவ்வளவு சிறிய இடம். ஆகவே அதிலுள்ள கட்டளை தானே எதையும் செய்வதில்லை. அடுத்த கட்டத்தில் உள்ள கிரப் என்னும் நிரலை எழுப்பிவிட்டு விலகிக்கொள்கிறது. கப்பலைத் துறைமுக வாயிலிலிருந்து தளத்துக்குக் கொண்டுசேர்த்துவிட்டு இறங்கிப் போகும் பைலட்டைப் போல.

விண்டோஸை மறுபடி நிறுவும்போது அது அந்த 446 பைட்டுகளின்மேல் தன் கட்டளையை எழுதிக்கொள்கிறது. அந்தக் கட்டளைக்கு லினக்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நிறுவுகிறவர் பிரிவுகளில் கைவைக்காதவரை, பின்னால் கிடக்கும் லினக்ஸ் பிரிவு தொடப்படுவதில்லை. கோப்புகள் இருந்த இடத்தில் இருக்கின்றன, வழிதான் மூடிவிட்டது.

ஆனால் இதற்குமேல் ஓர் ஆபத்து இருக்கிறது. லினக்ஸ் தன் கோப்புகளை அடுக்கும் முறையை விண்டோஸால் படிக்க இயலாது. ஆகையால் அதன் வட்டு மேலாண்மைத் திரையில் லினக்ஸ் பிரிவு பெயரற்ற வெற்றுக் கட்டமாகத் தெரியும். அதற்கு யாராவது ஓர் எழுத்தை ஒதுக்கிவிட்டால், திறக்கும்போது 'இதைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?' என்று கேட்கும். தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தை எழுத்தே அன்று என்று கருதும் மனப்பாங்கு இது. கிரந்தம் தெரியாதவர் கிரந்த ஏட்டைக் கிறுக்கல் என்று ஒதுக்கியதையும், வட்டெழுத்துக் கல்லைப் படிக்கட்டாகப் போட்டதையும் நாம் அறிவோம். 'ஆம்' என்று ஒரு சொடுக்கு. பிறகுதான் உண்மையான இழப்பு தொடங்குகிறது. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை, அது இழப்பு. பெயர் தெரியாத நூல் என்று அலமாரியில் கிடப்பது இழப்பு அன்று. இந்த இரண்டையும் கடைக்காரர் ஒன்றாக்கிவிடுகிறார்.

எண்ணூர்க் குப்பமொன்றிலிருந்து வந்த நம் மாணவி ஒருவர் முதுகலை ஆய்வேட்டுக்காகத் தம் தந்தையார் தலைமுறையினரின் தொழிற்சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு ஒரு பெயர்வரிசை. வலையின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பெயர். கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் எந்த இடத்தில் எது கிடைக்கும் என்பதற்கு ஒரு பெயர். கழிமுகமே உருமாறிவிட்ட பிறகு இப்பெயர்களுள் பல முதியோர் நாவில் மட்டும் எஞ்சியிருந்தன. ஒலிப்பதிவுகள் எல்லாம் லினக்ஸ் பக்கத்தில் இருந்தன. பூட் மெனு மறைந்தது. கடையில், "எதுக்கும்மா ரெண்டு ஓஎஸ்? ஒண்ணைத் தூக்கிட்டு விண்டோஸ் மட்டும் புதுசாப் போட்டுத் தர்றேன், மெஷின் ஸ்பீடா ஓடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். பணம் போதாததால் அவர் அன்று திரும்பிவந்தார். "ஐயா, எல்லாம் போயிடுச்சாம்" என்று மறுநாள் துறைக்கு வந்து நின்றபோது, ஒரு பென் டிரைவில் லினக்ஸை வைத்து அதன்வழி அவருடைய கணினியை முடுக்கினோம். கோப்புறையைத் திறந்தோம். எல்லாம் இருந்தன. பதிவு செய்யப்பட்ட முதியவர்களுள் இருவர் அதற்குள் காலமாகியிருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். கையில் பணம் இருந்திருந்தால் அவர்கள் குரலும் போயிருக்கும்.

மேற்சொன்ன கடைக்காரரைக் குறைகூறி முடித்துக்கொள்வது எளிது, அது நியாயமாகாது. முந்நூறோ நானூறோ கூலிக்கு வேலை செய்கிறவருக்கு ஃபார்மட் என்பது உறுதியான வேலை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், திரும்பி வராது. பழுதுபார்ப்பு அப்படியன்று. தவிர, லினக்ஸ் என்பது அரசு கொடுத்த மடிக்கணினியில் ஒட்டிக்கொண்டு வந்த தேவையற்ற பொருள் என்பது அவருடைய எண்ணம் மட்டுமன்று, பேராசிரியப் பெருமக்கள் பலருடைய எண்ணமும் அதுவே. 'அதை எடுத்துவிடு, இடம் மிச்சமாகும்' என்று மாணவர்க்கு அறிவுரை சொல்லும் தமிழாசிரியர்களை நாம் அறிவோம். இந்த அறிவுரையோடுதான் நம் சண்டை.

ஏன் இரண்டும் வேண்டும்? தமிழ் எழுத்தே இன்னும் இரண்டு வீட்டில் குடியிருப்பதால். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ் 99 விசைப்பலகை தரமாயிற்று. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனாலும் சில அச்சகங்கள் இன்றும் பழைய குறியேற்றக் கோப்பையே கேட்கின்றன. வானவில், பாமினி, ஸ்ரீலிபி என்று எழுத்துருக்கள் ஒழியவில்லை. அவற்றுக்கான மென்பொருள்கள் விண்டோஸில்தான் வசதியாக ஓடுகின்றன. லினக்ஸ் பக்கத்திலோ யூனிகோடு தமிழ் தொடக்கத்திலேயே உள்ளே வந்துவிட்டது. பட்டிகளும் அறிவிப்புகளும் தமிழில் இருக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். இந்தத் தமிழாக்கத்தை ஊதியமின்றி, இரவு கண்விழித்துச் செய்த தன்னார்வலர்கள் உண்டு. 2012 தொடக்கத்திலிருந்து கணியம் என்றோர் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே விளக்கிவருகிறது. இவ்வளவு உழைப்பையும் 'இடம் மிச்சமாகும்' என்ற இரண்டே சொல்லில் துடைத்தெறிவது தமிழ்த்துறைக்கு அழகன்று. மறுபுறம், விண்டோஸை வைத்திருப்பதே குற்றம் என்று பேசும் தூய கட்டற்ற மென்பொருள்வாதிகளோடும் நமக்கு உடன்பாடில்லை. நாளைக் காலை அச்சகத்துக்குக் கோப்பு அனுப்ப வேண்டிய மாணவருக்குக் கொள்கை விளக்கம் உதவாது.

எல்லாம் இணையச் சேமிப்பில் இருக்கும் காலத்தில் இதென்ன கவலை என்பார் உளர். கூகுள் இலவசமாகத் தரும் இடம் 15 ஜி.பி. சுருக்கப்படாத ஒலிப்பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழப் பத்து எம்.பி. பிடிக்கும். இருபத்தைந்து மணி நேரப் பதிவில் அந்த இடம் தீர்ந்தது. களப்பணி என்ற சொல்லின் பொருள் தெரிந்தவர்க்கு இருபத்தைந்து மணி நேரம் எம்மாத்திரம்! ஒரு கணினிக்குள் மற்றொன்றைப் பாவனையாக ஓட்டலாமே என்ற யோசனையும் 2 ஜி.பி. நினைவகத்தோடு மூச்சுவாங்கும் பழைய பொறிக்குப் பொருந்தாது.

இனி, செய்ய வேண்டியது என்ன என்பதைச் சுருங்கச் சொல்கிறோம். முதலில், கலங்கக் கூடாது. எந்தக் கேள்விக்கும் 'ஆம்' என்று அழுத்தக் கூடாது. பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸைக் கொண்டு கணினியை முடுக்கி, பழைய பிரிவைத் திறந்து, கோப்புகளை வேறொரு தட்டுக்குப் படியெடுக்க வேண்டும். பட்டியலைச் சீர்ப்படுத்துவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஏட்டைப் படியெடுத்த பிறகே ஆராய்ச்சி. பின்னர் அந்தப் பழைய பிரிவுக்குள்ளேயே நுழைந்துகொண்டு 'கிரப்-இன்ஸ்டால்', 'அப்டேட்-கிரப்' என்னும் இரு கட்டளைகளை இட்டால் முதலோலை மறுபடி எழுதப்பட்டுவிடும். பழைய முறைக் கணினியில் முதற் கட்டளையை முழுத் தட்டின் பெயருக்கு இட வேண்டும். அதிலுள்ள ஒரு பிரிவின் பெயருக்கு அன்று. பெயரின் முடிவில் இலக்கம் இருந்தால் அது பிரிவு என்று அடையாளம் காணலாம்.

புதிய கணினிகளில் முறை மாறிவிட்டது. முதலோலைக்குப் பதிலாக யூ.இ.எஃப்.ஐ. என்ற ஏற்பாடு. தட்டில் இதற்கென ஒரு சிறு பிரிவு. அதில் விண்டோஸுக்கு ஒரு கோப்புறை, லினக்ஸுக்கு ஒரு கோப்புறை. எது முந்தியது என்ற வரிசை தாய்ப்பலகையின் நினைவில். இங்கே பல நேரம் எதுவும் அழிவதேயில்லை. ஏதோவொரு புதுப்பித்தலுக்குப் பின் விண்டோஸ் தன்னை வரிசையில் முன்னால் நிறுத்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். முடுக்கும்போது எஃப் 12 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் (நிறுவனத்துக்கு நிறுவனம் விசை மாறும்) இரண்டு பெயரும் தெரியும். இந்த ஒரு விசைக்காக ரிச்சி தெரு வரை மெட்ரோவில் போய்வந்தவர் உண்டு. வேறு சிலருக்குப் பட்டியல் வரும், ஆனால் அதில் விண்டோஸ் இராது. 2021இல் வந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலிடும் வேலை பாதுகாப்புக் கருதி இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் அதுவும் வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 11 உள்ள கணினி பலவற்றில் தட்டு முழுவதும் பிட்லாக்கர் என்னும் மறையாக்கத்தால் மூடப்பட்டிருக்கிறது, உரியவருக்கே அது தெரியாது. தொடக்க அமைப்பில் கைவைத்தால் 48 இலக்கத் திறவெண்ணைக் கேட்கும். அந்த எண்ணை முன்னதாக எழுதி வைத்துக்கொள்ளாமல் எதையும் தொடக் கூடாது. இங்கே பூட்டு என்பது பூட்டேதான்.

பட்டியல் காணாமற்போவதற்கு மாணவரின் கவனக்குறைவைக் காரணம் காட்டுவோர் 2024 ஆகஸ்டை நினைவிற்கொள்ள வேண்டும். அம்மாதம் 13ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய பாதுகாப்புப் புதுப்பித்தல், உலகெங்கும் இரட்டை இயங்குதளம் கொண்ட கணினிகள் பலவற்றில் லினக்ஸைத் தொடங்கவிடாமல் தடுத்தது. பழைய, ஓட்டையுள்ள தொடக்க நிரல்களைத் தடைசெய்வது நோக்கம். இரட்டை இயங்குதளக் கணினிகளை அது தீண்டாது என்றே நிறுவனம் முன்னர்ச் சொல்லியிருந்தது. தீண்டியது. பாதுகாப்புக் கொள்கை மீறப்பட்டது என்றொரு வரி தோன்றிக் கணினி அணைந்தது. முறையான தீர்வு 2025 மே மாதப் புதுப்பித்தலில்தான் வந்தது. ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் இருக்கையில், வாசற்கதவின் சாவியை மாற்றும் உரிமை ஒரு குடித்தனத்திடம் மட்டும் இருப்பதன் விளைவு இது. அந்த ஒன்பது மாதத்தில் காலடிப்பேட்டைக் கடையொன்றுக்குப் போன மடிக்கணினிக்கு என்ன தீர்ப்பு வழங்கப்பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. (காலடிப்பேட்டையில் யாருடைய காலடியும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநராக இருந்த கோலட் நெசவாளர்க்கென அமைத்த கோலட்பேட்டை அது. பெயர்ப்பலகை மாறினாலும் ஊர் அங்கேயே இருக்கிறது.)

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025–26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கணினிக் கருவி வழங்குவதாக அரசு அறிவித்து, 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கியது. இம்மடிக்கணினிகளிலும் விண்டோஸ் 11உடன் பாஸ் லினக்ஸ் வந்திருக்கிறது. முன்னைய மடிக்கணினிகளோடு கொடுக்க மறந்த ஒன்றை இம்முறையாவது கொடுக்கலாம்: தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை. பட்டியல் மறைந்தால் எந்த விசையை அழுத்துவது, எந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்வது, கோப்பை எப்படி மீட்பது. இலட்சக்கணக்கில் அச்சிடும்போது ஒரு தாளின் விலை என்ன ஆகிவிடும்? அரசு செய்யாவிட்டால் கல்லூரிகள் செய்யலாம். சுவடியியலும் பதிப்பியலும் பாடமாக வைத்திருக்கும் தமிழ்த்துறைகள், அத்தாளின் கூடவே ஒரு மணி நேரச் செய்முறையையும் சேர்ப்பதற்குப் பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டியதில்லை. கணினித்துறைதான் இதைச் செய்ய வேண்டும் என்று தட்டிக்கழிப்பதை நாம் ஏற்கவில்லை. ஏடு யாருடையதோ அவரே அதைக் காக்கக் கற்க வேண்டும். நம் துறையில் மேசை இழுப்பறையில், அகராதிக்குப் பக்கத்தில், லினக்ஸ் உள்ள பென் டிரைவ் ஒன்று கிடக்கிறது. இரவல் பதிவேட்டில் அதற்கும் ஓர் எண் உண்டு.

சொல்ல விடுபட்ட ஒன்று. பட்டியல் சீராகி இரண்டு பக்கமும் போய்வரத் தொடங்கியதும் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும். கணினி மறுபடி கெட்டுவிட்டது என்று அஞ்சி மீண்டும் கடைக்குப் போக வேண்டாம். லினக்ஸ் உட்கடிகாரத்தைக் கிரீனிச் நேரத்துக்கு வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல்' என்ற கட்டளையைக் கொண்டு உட்கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டால், இரண்டும் ஒரே மணியைக் காட்டும்.